சவ்வுக்கு அடியில் ஒரு குமிழி

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார்கள் செய்தார்கள். விரல் நீளக் குழாய். நுனியில் பிளாட்டினப் புள்ளி, சுற்றிலும் வெள்ளி, மேலே ஒரு சொட்டு உப்புக் கரைசல். அதன்மீது மெல்லிய சவ்வை இழுத்து ரப்பர் வளையம் போடுவது அக்தர் பேகத்தின் வேலை. உள்ளே கடுகளவு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது. நின்றால், தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனாலும் மீட்டர் இருப்பதாகவே காட்டும்.

பதினொரு வருஷத்தில் அவள் கட்டியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவள் கட்டியவற்றை முதலாளி ஸ்ரீநிவாசராகவன் டெஸ்ட் செய்யாமலே அனுப்பிவிடுவார்.

இரண்டாயிரத்து ஆறு கோடையில் வலது கண்ணில் புகை படர்ந்தாற்போல ஆயிற்று. சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது, போன பார்வை திரும்பாது என்று தாம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். கணவன் இல்லாத வீடு. மகள் ஃபாயிசா பொத்தேரியில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அக்தர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜன்னலோரம் மாறி உட்கார்ந்து, விரல் பழக்கத்தை நம்பிக் கட்டினாள்.

ஆகஸ்டில் செய்யூர்ப் பக்கத்து இறால் பண்ணைக்காரர் தயாளன் வந்தார். விடியுமுன் மீட்டர் ஐந்து காட்டியதால் ஆக்சிஜன் போதும் என்று, குளத்துக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை நிறுத்தியதையும், வெளுத்தபோது மூன்று குளத்து இறாலும் செத்துக் கரையொதுங்கிக் கிடந்ததையும், வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். சென்சாரை நீங்கள் எங்காவது இடித்திருப்பீர்கள் என்றார் முதலாளி.

தயாளன் அக்தர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. நான் எதுனா தப்பாப் பண்ணிட்டேனா?”

அவர் கொண்டுவந்திருந்த சென்சாரை லென்ஸுக்கு அடியில் வைத்து இடது கண்ணால் பார்த்தாள். குமிழி நின்றது.

“இல்லண்ணா. கட்டும்போதே காத்து நின்னுருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

“தெரியலன்னு தெரிஞ்சேதான் கட்டினீங்களா?”

அவள் லென்ஸைத் தள்ளி வைத்தாள். அவர் சென்சாரை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

முதலாளி, “மொதல்லயே சொல்லிருந்தா பேக்கிங் வேலைக்கு மாத்திருப்பேனேம்மா” என்றார். அதுதான் அவளை நொறுக்கியது. மறுவாரம் திருப்பி வாங்கிய சென்சார்களில் இன்னும் ஒன்பதில் குமிழி இருந்தது. அதற்குமேல் அவள் வேலைக்குப் போகவில்லை. ஃபாயிசா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள்.

தயாளன் குளங்களைக் கைவிட்டு மறைமலை நகரில் ஒரு ஃபாக்டரி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பதாக, கூட வேலை செய்த வேதா ஒருநாள் சொன்னாள். அக்தர் விசாரித்துக்கொண்டு போனாள். மன்னிச்சிருங்க என்று மட்டும் சொன்னாள்.

“பரவால்லம்மா. ஓரமா நில்லுங்க, லாரி வருது” என்றார் தயாளன். லாரி நம்பரைக் குறித்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். மறுபடி அவள் பக்கம் பார்க்கவில்லை.

இதற்குள் இடது கண்ணும் மங்கியிருந்ததால், ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து நின்ற பஸ்களின் போர்டு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்கவும் மனம் வராமல், வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.