ராத்திரி வெறும் டிபன்தான்

என் அக்காவின் கணவர் தனக்குச் சர்க்கரை நோய் வந்ததைப் பதவி உயர்வு போல எடுத்துக்கொண்டார். அவர் சாதத்தை விட்டுவிட்டது மயிலாப்பூருக்கே தெரியும். கல்யாணப் பந்தியில் சாதம் வந்தால் முற்றும் துறந்தவர் மாதிரி இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவார். "சாதத்தைத் தொட்டு ஆறு மாசம் ஆறது. ராத்திரி ஆத்துல வெறும் டிபன்தான்" என்று பரிமாறுகிறவரிடமும் சொல்வார்.

அந்த வெறும் டிபனை ஒரு நாள் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு இட்லி, பிறகு வயிறு நிரம்பவில்லை என்று இரண்டு தோசை. இட்லியும் அரிசிதானே என்று கேட்டேன்.

"அரைச்சு வார்த்துட்டா அது வேறடா" என்றார். முப்பது வருஷம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த மனிதர்.

அடுத்த வாரம் அடையாறில் என் டாக்டரிடம் இதைச் சொல்லி நன்றாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முன்பைவிட ஏறியிருந்த என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ராத்திரி என்ன சாப்பிடறீங்க?" என்றார்.

"வெறும் சப்பாத்திதான் டாக்டர்."

சொன்ன பிறகுதான் அந்த 'வெறும்' என் காதில் விழுந்தது.

அவர் பேனாவைத் திறந்தார். "எத்தனை?"