ஏரிக்கரைத் தூக்கம்

மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்த வீட்டு ஆம்பிளைக்கு சி ஷிப்டோ, அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது பெண்கள் குடத்தைக்கூடச் சத்தமில்லாமல் எடுத்துப் போவார்கள். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து தூங்குகிறவனை எழுப்பக் கூடாது. எண்பதுகளின் தொடக்கம் அது. ஓசூரில் கம்பெனி மேல் கம்பெனி வந்துகொண்டிருந்தது. பர்கூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கும் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது.

கல்யாணமான புதிதில் என் மனைவி ஒருநாள் என்னை எழுப்பிவிட்டாள். குழாயில் தண்ணீர் வந்திருந்தது, அண்டாவைத் தூக்க ஒரு கை வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "வீடே பத்தி எரிஞ்சாலும் என்னை எழுப்பாத புள்ள!" என்று கத்தினேன். அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்து என் கோபத்தைப் பார்த்துச் சிரித்தே பழகியவள். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் கம்பெனிக்கு வியாழக்கிழமை விடுமுறை. வீட்டுக்கு மேலே சிமெண்டு ஷீட்டு, பத்து மணிக்கெல்லாம் கொதிக்கத் தொடங்கிவிடும். "ஏரிப் பூங்காவுக்குப் போயி தூங்குங்க மாமா, காத்து வரும்" என்று அவள்தான் யோசனை சொன்னாள். பூங்காவில் பெரிய ஏரி ஒன்று, அதையொட்டிச் சின்ன ஏரி ஒன்று. சித்திரையிலும் அங்கே மர நிழல் குளுகுளுவென்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல்லில் இருந்தெல்லாம் ஜனம் வந்து கூடும். வியாழக்கிழமை நாங்களும், படகுக்காரரும், கொக்குகளும்தான். நான் துண்டை விரித்துப் படுத்துவிடுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலால் மிதித்து ஓட்டும் படகில் ஒருமுறை போக வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. மிதிக்க இரண்டு பேர் வேண்டும். "அடுத்த வாரம்" என்பேன். அவள் உண்டானதும், "புள்ள பொறக்கட்டும், மூணு பேராவே போலாம்" என்றேன். சோம்பேறித்தனத்துக்கு அழகாக ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

அது ஏழாம் மாசம். சி ஷிப்டு முடித்து வந்து குளித்துவிட்டு, டவுன் பஸ் ஏறிப் போனோம். அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். வெயில் சாய்ந்து முகத்தில் பட்டபோதுதான் விழித்தேன். அவள் மரத்தின் வேரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். புடவை நனைந்திருந்தது.

"ஏரியில எறங்குனியா புள்ள?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தளியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வலி எப்போது வந்தது என்று டாக்டரம்மா கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்பத்தாங்க" என்றாள். பெண் குழந்தை. விளக்கு வைக்கும் நேரம் வரைதான் உயிரோடு இருந்தது.

அன்றைக்கு விட்டுவிட்டு வந்த துண்டையும், சோறு கொண்டுபோன தூக்குப் போசியையும் எடுக்க இரண்டு வாரம் கழித்துப் பூங்காவுக்குப் போனேன். படகுக்காரர் எடுத்து வைத்திருந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். போசியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மத்தியானமே அம்மாவுக்கு நோவு வந்துடுச்சு சார். நான் உங்கள எழுப்ப வந்தேன். வேணாம்னு கையாட்டுனாங்க. வண்டி கூட்டியாரட்டுமான்னேன். சி ஷிப்டு பாத்துட்டு வந்திருக்காரு, அவரே எந்திரிக்கட்டும்னாங்க."

போசியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று மணி நேரமாவது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கத்திச் சொன்ன ஒரு சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். அதுபோக, டாக்டரம்மாவிடம் என்னையும் காப்பாற்றியிருக்கிறாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து பெரிய ஏரி தளும்பிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, அவளை வற்புறுத்தி அழைத்துப் போனேன். எங்களைக் கண்டதும் படகுக்காரர் படகைக் கரைக்கு இழுத்து, வரும்படி கூப்பிட்டார். அவள் வேண்டாமென்று கையாட்டினாள். அன்றைக்கும் இப்படித்தான் ஆட்டியிருப்பாள்.

துண்டை எடுத்து மர நிழலில் விரித்தாள். "படுங்க மாமா, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

படுத்தேன். தூக்கம் எங்கே வரும்? கண்ணை மூடிக்கொண்டே, இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்: "ஏதாச்சும்னா என்னை எழுப்பு புள்ள. எந்நேரமானாலும் எழுப்பு."

அவள் துண்டின் ஓரத்தை என் தலைக்கடியில் இழுத்துச் சரிசெய்தாள்.

"இனி என்னத்துக்கு மாமா எழுப்பணும்?" என்றாள்.