அளந்த தண்ணீரும் இஞ்சிக் கசாயமும்

மழையை நம்பிப் பருத்தி போட்ட பரளச்சி கிராமத்துக் குடும்பம் ஒன்றில் எங்கள் அப்பா மூத்த மகனாகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு அருப்புக்கோட்டைக்கு வந்து மூட்டை தூக்கினார்; பிறகு சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்தார். வந்தவர் யாரையும் மனம் கோண அனுப்பியதில்லை.

மூட்டை தூக்கியதில் முதலில் கெட்டது முழங்கால். டாக்டரிடம் போகாமல் வலி மாத்திரையைத் தாமே வாங்கி வருடக்கணக்கில் விழுங்கினார். கால் வீங்கி, மூச்சு வாங்கியபோதுதான் அந்த மாத்திரைகளால் சிறுநீரகம் இரண்டும் பழுதானது தெரிந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தி, குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்தார். பிரசவத்துக்கு வந்திருந்த நான் கைக்குழந்தையோடு அந்தத் தண்ணீர்ச் செம்புக்குக் காவலானேன்.

பார்க்க வந்த சொந்தங்கள் இஞ்சியும் சுக்கும் தட்டிப்போட்ட கசாயத்தை பிளாஸ்க்கில் கொண்டு வந்தார்கள். வீக்கத்தை வற்ற வைக்கும், உள்ளுறுப்பைக் காக்கும் என்றார்கள். நானும் தேடிப் படித்தேன். ஆய்வொன்றில் எலிகளின் சிறுநீரகத்தை இஞ்சி ஓரளவு காத்ததாக எழுதியிருந்தது. டாக்டரிடம் கேட்டதற்கு, மனிதருக்கு அது உறுதியாகவில்லை, குழம்பில் சேர்கிற இஞ்சி போதும், கசாயமும் தண்ணீர்க் கணக்குதான் என்றார்.

கொடுத்தால் வீக்கம் ஏறும். கொடுக்காவிட்டால், காப்பாற்றக்கூடிய ஒன்றை நானே மறிக்கிறேனோ என்ற பயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கையில் பிளாஸ்க் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். காரியாபட்டி அத்தை ஒருநாள் கேட்டேவிட்டார்.

"பெத்த அப்பனுக்கு ஒரு வாய் கசாயம் குடுக்க இம்புட்டு யோசிக்கிறியே, என்னத்தத்தான் படிச்ச?"

நான் குழந்தையைக் குளிப்பாட்டப் போகும் நேரத்தில் அப்பா எல்லாரிடமும் ஒரு வாய் வாங்கிக் குடித்திருக்கிறார். கால் மறுபடி வீங்கியபோது அது தெரிந்து அழுதுவிட்டேன். அப்பா சிரித்தார்.

"நான் கடையில வித்த சுக்கெல்லாம் சுத்திச் சுத்தி எனக்கே வருது தாயி. வேணாம்னா அவுக மனசு நோகும். ஒண்ணு செய்யி, என் காபிய நிப்பாட்டிரு. அந்த அளவ அவுகளுக்கு விட்ரு."

காபி அவருக்கு உயிர். கடைசி வரை அதைக் கேட்கவே இல்லை. அந்தக் கசாயம் அவருக்கு ஏதாவது செய்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது. மதுரை ஆஸ்பத்திரியில் அமைதியாகக் கண் மூடினார்.

மதுரைக்குக் காரில் கூட்டிப்போனவர்களுக்கும், டயாலிசிஸ் நாள்களில் துணைக்கு உட்கார்ந்தவர்களுக்கும், பிளாஸ்க்கோடு எங்கள் படியேறிய ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இப்போது அம்மாவுக்கும் முழங்கால் வலி தொடங்கியிருக்கிறது. தயவுசெய்து யாரும் வலி மாத்திரை வாங்கி வர வேண்டாம். கொண்டு வந்து கொடுப்பதை வேண்டாமென்று சொல்ல அம்மாவுக்கும் வராது.