என்ஜின் மூடிமேல் ஓர் இடம்

மருமகன் வாங்கியிருக்கும் பெரிய காரில் ஒரு பித்தானை அமுக்கினால் ஸீட் சூடாகிறது. சென்னையில் இதை யார் கேட்டார்களோ தெரியவில்லை. போன வாரம் என்னை முன்னால் உட்காரவைத்துப் பெருமையோடு அமுக்கிக் காட்டினார். அடியில் மெல்லச் சூடு பரவியதும், "வேணாம் மாப்பிள்ளை, நிறுத்திடுங்க" என்றேன். முதுகுவலிக்கு நல்லதாம். இருக்கலாம். எனக்கு அந்தச் சூட்டை அறுபது வருஷமாகத் தெரியும்.

தாம்பரத்தில் நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அப்பா ஏலத்தில் ஒரு பழைய வேன் எடுத்தார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு வேன் எதற்கு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார். அதன் என்ஜின் வண்டிக்கு உள்ளே, ஓட்டுகிறவரின் இடது பக்கத்தில் இருந்தது. அதற்கு மேலே ஒரு தகர மூடி. முன்னால் வேறு ஸீட் கிடையாது, எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தான். மூடியின்மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் போர்வையை விரித்தால் ஒருவர் உட்காரலாம். அந்த ஒருவர் நான். மார்கழி மாதத்தில் ஞாயிறு காலை சர்ச் ஆராதனைக்குப் போகும்போது, அம்மாவும் அண்ணனும் பின்னால் பலகையில் நடுங்கிக்கொண்டு வர, நான் மட்டும் இட்லிபோல வெந்துகொண்டு வருவேன். அண்ணன் தன் கோலிக்குண்டுகள் அத்தனையையும் தருவதாகச் சொல்லியும் நான் மசியவில்லை.

என் ராஜ்யம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் டீச்சராக இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சளி என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா என்னை மூடியிலிருந்து எழுப்பிவிட்டாள்.

"பின்னால வா. அத்தைக்குக் குளிர் உடம்பு, சூடு வேணும்."

அன்றுமுதல் எனக்கு அத்தைமேல் பொறாமை. அவளுக்குத் தனி அறை. தனித் தட்டு, தனி டம்ளர். எங்களுக்குப் பிறந்தநாளுக்கு மட்டும் கிடைக்கிற முட்டை அவளுக்குத் தினமும். போதாதென்று, வேனில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே அம்மா ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள். பெரிய மகாராணி என்று அண்ணனிடம் முணுமுணுத்தேன். அவளை எங்களிடமிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சித்திரை வந்து, அந்தத் தகரத்தில் தோசை வார்க்கலாம் என்ற நிலையிலும் அவள்தான் அங்கே உட்கார்ந்தாள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, வேர்த்து விறுவிறுத்து வருவாள். சுடுகிறது என்று ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

ஆவணியில் பெருங்களத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ரயில்வே கிளார்க்கு. பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்ப்பதுதான் கௌரவம் என்று அவருடைய அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆராதனைக்கே வந்துவிட்டார். மருந்து பிடித்துவிட்டது, கல்யாணத்துக்குள் எல்லாம் குணமாகிவிடும் என்று அப்பா நம்பினார். அந்த அம்மாளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அது சரியில்லைதான். சரியில்லை என்பது அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

அன்று அத்தை ஒன்றரை மணி நேரம் ஒருமுறைகூட இருமவில்லை. பாட்டுப் பாடும்போதும் உதட்டை மட்டும் அசைத்தாள். ஆராதனை முடிந்து பெரியவர்கள் வாசலில் பேசிக்கொண்டு நிற்க, இதுதான் சமயம் என்று நான் ஓடிப்போய் வேனில் என் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். போர்வைக்கு அடியில் ஏதோ உறுத்தியது. இழுத்துப் பார்த்தால் அத்தையின் கைக்குட்டை. சுருட்டி ஒளித்து வைத்திருந்தாள். பிரித்தேன். உள்ளே சிவப்புச் சிவப்பாகக் கறை.

எங்கள் வீட்டில் வெற்றிலை போடுவது சினிமா பார்ப்பதற்கு அடுத்த பெரிய பாவம். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அத்தை திருட்டுத்தனமாக வெற்றிலை போடுகிறாள். அதனால்தான் எப்போதும் தெருப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அதற்குள் அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடிவந்து என் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே இழுத்துப் போட்டாள்.

"அங்க உக்காராதேன்னு எத்தனை வாட்டி சொல்றது!"

முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அதுவரை என்னை அதட்டிக்கூடப் பேசாதவள். நான் ஊரைக் கூட்டி அழுதேன். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வந்தார். என் தோளில் கை வைத்துக் குனிந்து, "ஏன் கண்ணு அழறே? என்னாச்சு?" என்று கேட்டார்.

"அத்தை தள்ளிட்டாங்க. எங்க அத்தை வெத்தலை போடறாங்க. இதோ பாருங்க."

கைக்குட்டையை நன்றாக விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அடக்கிவைத்த இருமல் முழுவதும் அத்தைக்கு அப்போதுதான் வந்தது. வேனைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அந்த அம்மாள் என் தோளிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் அத்தையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். காசநோய்க்காரர்கள் இருக்கிற ஆஸ்பத்திரி. அங்கே போகும்போதும் அவள் அதே இடத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். கேட்டுக்கு வெளியே இறங்கி, எட்ட நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"குட்டி, இனிமே இது உன் ஸீட்டு. அப்பாவை நல்லா கழுவித் தரச் சொல்லு, அப்புறம் உக்காரு."

நான் முழங்கால் பொருக்கை நகத்தால் பெயர்த்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அந்தப் போர்வையில் எட்டு மாதம் இருமியவள், நான் அதில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பதறித்தான் இழுத்தாள் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. அன்று ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவாள் என்றார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே பெட்டியில் வந்தாள். திரையை அவிழ்த்துவிட்டு, பெட்டியை வேனின் பின்பக்கம் ஏற்றினார்கள். அன்றைக்குத்தான் அத்தை பின்னால் வந்தாள்.

அப்பா சாக்கையும் போர்வையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். தகர மூடியை ஃபினாயில் ஊற்றி இரண்டு முறை தேய்த்துக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை காலை, புதுச் சாக்கை மடித்துப் போட்டு, "ஏறு" என்றார். நல்ல பனி. வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் அடியில் இதமாகச் சூடு ஏறியது. அண்ணனைத் திரும்பிப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன். அவன் பெட்டி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதி வழியில் அப்பா வண்டியை ரோட்டோரம் நிறுத்தினார். என்ஜினையும் அணைத்துவிட்டு ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை, பெட்ரோலும் இருந்தது. எதற்கு நிறுத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஓட்டுங்கப்பா. சூடு ஆறிடும்."