மசூரிக்குப் போன ஆற்றுத் தண்ணீர்

மசூரி மலையின் சிவப்புப் பூமரங்களைப் பார்ப்பது கல்லிடைக்குறிச்சி வாலாம்பாளின் நாற்பது வருஷத்து ஏக்கம். அந்த ஊரை வெள்ளைக்காரன் கட்டிய கதையை ரயில் நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் கணவர் சுப்பராமன், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். தோளில் தாமிரபரணித் தண்ணீர்க் கேன்.

மசூரியில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே காலை. ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி மலையை மறைத்துவிடும் என்று கார்க்காரர் அவசரப்படுத்தினார். சுப்பராமனோ காபி ஃபில்டர் முன்னால் அமர்ந்திருந்தார்.

"டிகாஷன் இறங்கட்டும்டீ. நம்ம ஆத்துத் தண்ணியில போடாதது காபியா?"

"நீங்க பைய குடிச்சுட்டு சரித்திரம் படிங்கோ. நான் போறேன்."

முதல்முறையாகத் தனியே காரேறினாள். வளைவு தாண்டியதும் மலையெங்கும் ரத்தச் சிவப்பு. கண்ணீர் பொங்கியது. பக்கத்து இருக்கை காலி என்பதால், எந்தத் துரை எந்த வருஷம் வந்தான் என்ற கதை காதில் விழாமலே பூக்களைப் பார்த்தாள்.