பத்திரிகையில் செத்துப்போன காமராஜ்

நாகல் நகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சௌகத் அலிக்கு இருபது வருடத் தொழில். ஆளிடம் ஒரு வீண் பெருமை உண்டு. எத்தனை பெயர் கொடுத்தாலும் ஒரே வரியில் அடக்கிவிடுவார். முதல் வெட்டு கமாவுக்குத்தான் விழும். "பேருக்கே எடம் பத்தல, கமா என்னத்துக்கு?" என்பார். அச்சுக்கு முன் மாதிரியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். தாமே வாசித்துக் காட்டுவார். நிறுத்த வேண்டிய இடத்தில் அழகாக நிறுத்துவார். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

வடமதுரைக் காமராஜும் அப்படித்தான் தலையாட்டினார். மனைவி மாயம்மாள் இறந்து இரண்டு வருடமாகிறது. மகள் பவித்ரா தன் கல்யாணப் பத்திரிகைக்குத் தானே தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்: 'தெய்வத்திரு மாயம்மாள், திரு காமராஜ் ஆகியோரின் மகள்.' சௌகத் அலி கமாவையும் 'திரு'வையும் எடுத்துவிட்டு வரியை ஒட்டினார். 'தெய்வத்திரு மாயம்மாள் காமராஜ்' என்று பத்திரிகை ஊரெல்லாம் போனது.

வத்தலக்குண்டிலிருந்து, பெண் பார்க்க வந்திராத, மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர் போன் செய்தார். "சம்பந்தி எப்பங்க தவறுனாரு? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே." போனை எடுத்ததே காமராஜ்தான்.

அவர் உடனே கடைக்குப் போன் போட்டார். பவித்ரா எழுதிய தாள் சௌகத் அலியின் மேஜையிலேயே கிடந்தது. "நீங்க எழுதிக் குடுத்தபடிதாண்ணே அடிச்சிருக்கேன்," என்றார். சொன்ன பிறகு வாய் கசந்தது. கடையில் யாரும் இல்லை. இருந்தும் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் அப்பாவும் மகளும் வந்தார்கள். பவித்ராவின் கன்னம் வீங்கியிருந்தது.

"சின்னப்புள்ள, வெவரம் பத்தாம எழுதிருச்சு பாய்," என்றார் காமராஜ். "கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் கெடக்கு. செத்த சீக்கிரமா திருப்பி அடிச்சுக் குடுங்க."

சரியாக எழுதினேன் என்று பவித்ரா வீட்டில் சொல்லியிருப்பாள். அப்பா கடைக்காரரைத்தான் நம்பியிருக்கிறார். இருபது வருடத் தொழில் அல்லவா!

சௌகத் அலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தாளை எடுத்து நீட்டினார். "பாப்பா சரியாத்தாண்ணே எழுதுச்சு. கமாவை எடுத்தது நானு. நேத்து பொய் சொல்லிட்டேன்."

காமராஜ் தாளைப் படித்தார். திட்டுவார் என்று சௌகத் அலி காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவரோ மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"கல்யாணமாகிப் போற புள்ள பாய்," என்றார். "அதுமேல நேத்து வரைக்கும் நான் கை நீட்டுனதே இல்ல."