அமெரிக்காக்காரன் விழாத ஊர்

உளுந்தூர்பேட்டையில் சென்னை பஸ்ஸுக்கு நிற்பது என்பது தனி வேலை. போன வாரம் அந்த வேலையில் இருந்தேன். பக்கத்தில் பரோட்டாக் கல் சூடேறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஏணி போட்டு ஒருவர் பெயர்ப் பலகை விளக்குக்கு ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் புகைக்குள் உருகிய ஈயத்தின் வாசனை நுழைந்து வந்தது. அந்த வாசனைக்கு எனக்குள் ஒரு அறை உண்டு. கதவு திறந்துகொண்டது.

அதே நேரம் பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் டீயை ஆறவிட்டுவிட்டு போனில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அடுத்தவர் போனை எட்டிப் பார்க்க நான் வெட்கப்படுவதில்லை, கவிதைக்குக் கச்சாப் பொருள் வேறு எங்கே கிடைக்கும்? அமெரிக்க ஹெவிவெயிட். கொடி போட்ட டிரவுசர், கொடியைப் பாதி மறைத்தபடி வயிறு. மூன்றாவது ரவுண்டிலேயே மனிதர் எதிராளியின் தோளில் தலையைச் சாய்த்து, வெகுநாள் காணாத சம்பந்தியைப் பார்த்தவர் மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டார். ரெஃப்ரி பிரித்துவிட்டார். மறுபடி போய்க் கட்டிக்கொண்டார். கடைசியில் பஸ்ஸில் சீட்டு கிடைத்ததுபோல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அமெரிக்காக்காரனாங்க?" என்றேன்.

"ஆமாங்க. இப்பல்லாம் இவனுங்க சும்மா. வர்றான், வாங்கறான், பூடறான்" என்று டிரைவர் விரலால் அவரைத் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனார்.

ஒரு வல்லரசை இப்படி ஒரு விரலால் தள்ளுகிற காலம் வரும் என்று எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் நாங்கள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. உங்களுக்கும் நினைவிருக்கும், ஹெவிவெயிட் என்றாலே அமெரிக்காதான். பட்டம் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கைமாறும், பங்காளிகளுக்குள் நிலம் மாறுவதுபோல. பிறகு ஐரோப்பாவிலிருந்து நெட்டையாக, நிதானமாக, பேங்க் மேனேஜர் முகத்தோடு சிலர் வந்தார்கள். பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் உடம்பு வாய்த்த பையன்களெல்லாம் பந்து விளையாடப் போய்விட்டார்கள் என்கிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? பந்து திருப்பி அடிப்பதில்லை.

ஈயத்துக்கு வருகிறேன். அந்த வாசனை தனபால் அண்ணனின் கேபிள் டிவி அறையுடையது. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. எந்நேரமும் எதையாவது பற்றவைத்துக்கொண்டே இருப்பார். ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை நீலமாக, யாரோ துவைத்துப் போட்டு மடிக்க மறந்த போர்வை மாதிரி கிடக்கும். மலையிலிருந்து காற்று கிளம்பினால் மாடியிலுள்ள டிஷ் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஊர் முழுக்கப் படத்தில் பனி பெய்யும். ஏறிப்போய் அதைச் சமாதானப்படுத்தித் திருப்புவது என் வேலை. அதோடு திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை எழுதுவதும் என் வேலைதான். என் முதல் வாசகர்கள் அங்கேதான் இருந்தார்கள். காணாமல்போன ஒரு பசுவுக்காக, 'அந்தியின் நிறத்தில் நடந்துபோனது ஒரு மௌனம்' என்று ஓடவிட்டேன். மாட்டுக்காரர் படியேறி வந்தார்.

"எந்தக் கொம்பு ஒடஞ்சிருக்குதுன்னு போடுய்யா மொதல்ல."

தமிழில் எனக்குக் கிடைத்த முதல் விமரிசனம். இன்றுவரை அதைவிட நல்லது வரவில்லை.

அன்றைக்கு எங்கள் கேபிளின் பெருமை ஞாயிற்றுக்கிழமைக் குத்துச்சண்டை. அங்கே சனி ராத்திரி அடித்துக்கொண்டால் இங்கே ஞாயிறு காலை. எங்கள் சின்ன டிஷ்ஷுக்கு அது எட்டாது. கள்ளக்குறிச்சியில் அண்ணனின் கூட்டாளி ஒருவர் பெரிய டிஷ் வைத்திருந்தார். அவர் கேசட்டில் பிடித்து டவுன் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவார். மஞ்சள் பைக்குள், யாருக்கோ போகிற முருங்கைக்காய்க் கட்டுக்குப் பக்கத்தில், உலக ஹெவிவெயிட் பட்டம் வந்து இறங்கும். அண்ணன் அதை முதலில் தான் மட்டும் போட்டுப் பார்ப்பார். அடுத்த ஞாயிறு காலை வீடியோ டெக்கில் போட்டு ஊருக்கே காட்டுவார்.

இந்த முன்னோட்டத்துக்குக் காரணம் பக்கத்து ஊரான வடக்கனந்தலில் இருந்தது. காரணத்தின் பெயர் பஞ்சாட்சரம், அண்ணனின் மாமனார். சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போட்டு ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கு ஒயர் இழுக்கப் போன தனபால் அண்ணன், மாடியை விட்டு இறங்கும்போது அவர் மகள் மல்லிகா அண்ணியின் மனசோடு இறங்கிவிட்டார். கல்யாணம் கோயிலில் நடந்தது, பெண்வீட்டார் இல்லாமல். அதிலிருந்து பெரியவர் மகளோடும் பேசுவதில்லை, மருமகனோடும் பேசுவதில்லை. ஆனால் கேபிள் கனெக்‌ஷனை மட்டும் அவர் வெட்டவில்லை. ஞாயிறு தவறாமல் குத்துச்சண்டை பார்க்கிறார் என்று பக்கத்து வீட்டார் வந்து சொன்னார்கள். மைல் கணக்கில் புளியமரம் புளியமரமாகத் தொங்கிப் போன அந்தக் கறுப்பு ஒயர் ஒன்றுதான் இரண்டு வீட்டுக்கும் மிச்சமிருந்த சொந்தம். அதையும் அவ்வப்போது அணில் கடித்துவிடும்.

"எங்கப்பாவுக்கு அமெரிக்காக்காரன்னா உசுரு" என்று அண்ணி சொல்லியிருந்தார். "சாமி படத்துக்குப் பக்கத்துல ஒருத்தன் படத்த மாட்டி வச்சிருக்காரு. தெனம் அவனுக்கும் சேத்து ஊதுவத்தி காட்டுவாரு."

குழந்தை கதிருக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? அண்ணியின் ஒரே அண்ணன் சேலத்தில் இருந்தார். அப்பா சொல்லாமல் அவர் வரமாட்டார். அப்பா வாயே திறக்கமாட்டார். அண்ணி கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார். தனபால் அண்ணனோ தன் அறிவை நம்பினார். மாமனார் மனசு குளிர்ந்தே இருக்க வேண்டும், குளிர அமெரிக்காக்காரன் ஜெயிக்க வேண்டும். துரதிர்ஷ்டவசமாக அமெரிக்காக்காரன் தோற்கத் தொடங்கியது அந்த வருஷங்களில்தான்.

அமெரிக்காக்காரன் ஜெயித்தால் முழுச் சண்டையும் போகும், இடையில் என் எழுத்துகள் வாழ்த்திக்கொண்டு ஓடும். தோற்றால், அடி வாங்கும் ரவுண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் கண்ணைக் காட்டுவார், நான் டெக்கின் பிளக்கைப் பிடுங்குவேன். கரண்ட் போய்விட்டது என்பது கணக்கு. கொஞ்ச நேரம் கழித்து அதே சேனலில் பழைய பக்திப் படம் ஒன்று வரும். இப்படியாக, உலகமெங்கும் சரிந்துகொண்டிருந்த அமெரிக்க ஹெவிவெயிட் கச்சிராயபாளையம் சுற்று வட்டாரத்தில் மட்டும் ஒருமுறைகூட விழவில்லை. ரத்தம் கொட்ட, கால் பின்ன, அடுத்த குத்தில் போய்விடுவான் என்ற இடத்தில் அம்மன் தோன்றிக் காப்பாற்றிவிடுவாள்.

ஊர் சும்மா இருக்குமா? கீழே சைக்கிள் கடையில் தினமும் இதே பேச்சு.

"இன்னா தனபாலு, அமெரிக்காக்காரன் மூக்கு ஒடஞ்சா ஒனக்கு மட்டும் கரண்ட் போவுது?"

"அது டிரான்ஸ்பார்மர் பிரச்சினடா."

"எங்க வூட்ல கிரைண்டர் ஓடிக்கினு தானே இருந்திச்சி."

"அது வேற பேஸு, வேற லைனு."

அண்ணனிடம் எல்லாவற்றுக்கும் வேறு பேஸ் இருந்தது.

அந்தத் தை மாசம் வந்த கேசட்டைப் பார்த்துவிட்டு அண்ணன் அதை மறுபடி உறைக்குள் போட்டு மூடினார். அமெரிக்காவின் கடைசி நம்பிக்கை என்று நாங்கள் பொத்தி வைத்திருந்த ஆள், ஒரு ஐரோப்பாக்காரனிடம் அடி வாங்கி, கயிற்றில் துணி காய்வதுபோல் காய்ந்தான். காதுகுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சேலத்திலிருந்து பதில் இல்லை.

"இத மாமா பாக்கக் கூடாது, கவிஞரே" என்றார் அண்ணன். "கொஞ்சம் முன்னாடியே புடுங்கிடு."

ஞாயிறு காலை கொஞ்சம் முன்னாடியே பிடுங்கினேன். அம்மன் படம் போட்டோம். பாட்டு முடிந்து சண்டைக் காட்சி தொடங்கும்போது கீழே ஒரு மொபெட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. படியில் கனமான மூச்சு. சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்ட ஒரு பெரியவர் வாசலில் நின்றார். சொல்லாமலே தெரிந்தது. மல்லிகா அண்ணியின் மூக்கு அவர் முகத்தில் இருந்தது, கொஞ்சம் கோபமாக.

"இங்க யாருப்பா கேபிளு?" தெரியாதவர் மாதிரி கேட்டார்.

அண்ணன் ஸ்குரூ டிரைவரோடு எழுந்து நின்றார். "நாந்தாங்க."

"எங்க வூட்ல சண்ட நின்னு போச்சி."

"கரண்ட் போச்சிங்க, மாமா."

பெரியவர் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. மரியாதைக்கு நாங்களும் பார்த்தோம்.

"அது வேற பேஸுங்க" என்றார் அண்ணன்.

"வேற எவன் அடி வாங்கனாலும் பளிச்சினு தெரியுது. அமெரிக்காக்காரன் வாங்கனா அம்மன் வருது. அம்மனுக்கு வேற வேல இல்லியா?"

"உங்களுக்கு மனசு கஷ்டமாப் பூடும்னுதாங்க மாமா…"

"இன்னாத்துக்குக் கஷ்டம்? அவன் தோத்து ஒரு வாரம் ஆவுது. பேப்பர்ல போட்டுட்டான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். எங்கள் அறைக்குத் தினமும் பேப்பர் வரும். அவர் சினிமாப் பக்கம் பார்ப்பார், நான் ஞாயிறு இணைப்பில் என் கவிதை வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விளையாட்டுப் பக்கத்தை இட்லி மடிக்கத்தான் பயன்படுத்தினோம்.

"ஒவ்வொரு தபாவும் தெரியும்யா" என்றார் பெரியவர். "தோத்தான்னு போடறான். எப்டித் தோத்தான்னு போட மாட்டேங்கறான். அதப் பாக்கத்தான் விடிஞ்சதும் குளிச்சிட்டு வந்து குந்திக்கினு கீறேன். நீ இன்னாடான்னா அவனக் காப்பாத்திக்கினே கீற. போடு அத."

அண்ணன் அம்மன் கேசட்டை எடுத்துவிட்டுச் சண்டைக் கேசட்டைச் சொருகினார். பெரியவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் முதன்முதலாக ஒரு அமெரிக்காக்காரன் முழுசாக அடி வாங்கினான்.

"ஓவர்லோடு" என்றார் பெரியவர், வாழ்நாளெல்லாம் வண்டிகளைப் பார்த்த கண்ணோடு. "பாரத்த பின்னாடி ஏத்திட்டான். முன் சக்கரம் தூக்குது பாரு."

"போன தபா தோத்தாலும் நல்லாத்தான் அடிச்சான், மாமா."

"போன தபாதான் நீ காட்டவே இல்லியே."

இட்லி டப்பாவும் இடுப்பில் கதிருமாக அண்ணி படியேறி வந்தது அப்போதுதான். வாசலில் கால் நின்றுவிட்டது. அப்பாவின் முதுகைப் பார்த்தார். டிவியில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கலாம் போல இருந்தது.

"காபி குடிக்கறியாப்பா?" என்றார் அண்ணி.

பெரியவர் திரும்பவில்லை. "சக்கர கம்மியா" என்றார்.

கதிர் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். குழந்தைகளுக்கு இந்தப் பகை வரலாறெல்லாம் தெரிவதில்லை, அகலமான மடி எது என்று மட்டும் தெரியும். நேரே போய் உட்கார்ந்துகொண்டான். பெரியவர் கண் திரையில் இருந்தது. விரல் மட்டும் குழந்தையின் காதைத் தடவிப் பார்த்தது.

"இன்னும் குத்தலியா?"

"மடிக்கு ஆள் வேணுமில்லப்பா" என்றார் அண்ணி.

திரையில் அமெரிக்காக்காரன் கயிற்றைப் பிடித்தான், விட்டான், ஒரு முழங்காலில் இறங்கினான், பிறகு மெதுவாக, யாரையும் சிரமப்படுத்தாமல், கவிழ்ந்தான். ரெஃப்ரி விரல் விட்டு எண்ணி முடிக்கும்வரை பெரியவர் மூச்சு விடவில்லை.

"இப்பதான் தெரியுது" என்றார். பிறகு அதே குரலில், "ஒங்கண்ணன வரச் சொல்றேன்" என்றார்.

சேலத்து மாமன் வந்தார், சீர்த்தட்டோடு. கோமுகி அணைக்குப் பக்கத்துக் கோயிலில் கதிர் ஊரைக் கூட்டி அழுதான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மொபெட் வந்தது. மாமனாரும் மருமகனும் தோளோடு தோள் உட்கார்ந்து, அமெரிக்காவின் வீழ்ச்சியை ரவுண்டு ரவுண்டாக ரசித்தார்கள். "அடுத்த தபா பாருங்க மாமா" என்பார் இவர். "கிழிப்பான்" என்பார் அவர். ஊரே படியில் நின்று பார்த்தது. அங்கே அவர்கள் விழ விழ, இங்கே இட்லி டப்பா பெரிதாகிக்கொண்டே போனது.

பிறகு வீட்டுக்கு வீடு குடை மாதிரி டிஷ் முளைத்தது. புளியமரங்களிலிருந்து எங்கள் ஒயர்கள் அறுந்து தொங்கின, கொஞ்ச நாள் கொடிகள் அவற்றில் ஏறிப் படர்ந்தன. அந்த அறையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பஞ்சாட்சரம் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். தனபால் அண்ணன் கள்ளக்குறிச்சியில் போர்வெல் மோட்டார் கடை வைத்திருக்கிறார். கதிர் மேல்படிப்புக்கு எங்கே போயிருக்கிறான் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவுக்கேதான்.

உளுந்தூர்பேட்டையில் நின்றபடியே அண்ணனுக்குப் போன் போட்டு, டிரைவர் போனில் பார்த்ததைச் சொன்னேன். பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம்.

"நானும் கதிரக் கேட்டேன், கவிஞரே" என்றார். "அங்க ஹெவிவெயிட்டுல இப்ப யாருடா நல்லா அடிக்கறான்னு கேட்டேன். அவன் காலேஜ்ல விசாரிச்சிருக்கான். ஒருத்தனுக்கும் பேரு தெரியலியாம். அதெல்லாம் இங்க யாரும் பாக்கறதில்லப்பாங்கறான்."

மோட்டார் சத்தம் நின்றது. யாரோ அணைத்திருக்க வேண்டும்.

"அவங்க ஊர்லயே பாக்கலன்னா, கடைசியா பாத்தது நானும் மாமாவுந்தான் போலக்கீது" என்றார்.